யாரும் ஏறாத குதிரை

எங்கள் குதிரையின் முதுகில் ஒருவரும் ஏறியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்றைக்கும் சங்கரன்கோவிலில் வயதான யாரிடமாவது அந்தக் கொலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கொலைகாரன் தப்பிப்பதற்குப் போட்டுவைத்திருந்த வழியைக் கூடவே ஓடிப் பார்த்தவர் மாதிரி சொல்லுவார். குளத்துக்கரை, பனங்காடு, கரிசல், ராயகிரி, சிவகிரி, அதற்குமேல் மலை. அந்த வழி பூராவும் ஒரு குதிரை ஓடும். அது எங்கள் குதிரை. வண்டியில் பூட்டினால் இழுக்கும், அவிழ்த்துவிட்டால் கொள்ளுத் தின்னும். இந்த இரண்டைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். டயல் சுற்றிப் பேசுகிற போன் அப்போது எங்கள் ஊருக்கு வரவில்லை. யாராவது ரிசீவரை எடுத்தால் என் முன்னால் இருக்கும் போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். நான் நம்பர் கேட்டு, ஒரு வயரை இங்கேயும் இன்னொன்றை அங்கேயும் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். வெளியூர் என்றால் டிரங்க் கால். பேச்சு நடக்கிறதா, லைன் அறுந்துவிட்டதா என்று நடுநடுவே காது கொடுத்துப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். ஆனால் காதில் விழுந்ததை வாயால் சொல்லக்கூடாது. வேலையில் சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நான் அதில் கறார். மதினி, என் அண்ணன் பெண்டாட்டி, எத்தனையோ தடவை வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை பெயராது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், மதினி, நான். அப்பாவும் அம்மாவும் போனபிறகு என்னைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பியது அண்ணன்தான். அவன் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டினான். எங்களுடையது வெள்ளைக் குதிரை. கல்யாணம், காட்சி என்றால் வெள்ளைக் குதிரை வண்டிதான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வருஷம் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் வண்டி ஸ்டாண்டுக் குதிரைகளுக்குச் சொறி வந்தது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டுகிற சீக்கு. விஷயம் வெளியே தெரிந்தால் மொத்த ஸ்டாண்டின் லைசென்ஸையும் நிறுத்தி வைத்துவிடுவார்கள். தபசுக்கு ரயிலில் வந்து இறங்குகிற கூட்டத்தை நம்பித்தான் வண்டிக்காரர்கள் வருஷம் பூராவும் கடன் சொல்லிக் கொள்ளு வாங்குவது. அதனால் ஸ்டாண்டில் மூத்தவராக இருந்த வண்டிக்காரர், அவரை எல்லாரும் பெரியவர் என்போம், ஒரு ஏற்பாடு சொன்னார். சொறி கண்ட குதிரையைக் கொட்டகையில் கட்டக்கூடாது. ஊருக்கு வெளியே ஆள் கண்ணில் படாத இடத்தில் கட்டவேண்டும். கோவில் புற்றுமண்ணைக் குழைத்து உடம்பு பூராவும் பூச வேண்டும். மண் காய்ந்து உதிராமலும் ஈ மொய்க்காமலும் இருக்க முதுகில் ஈரச்சாக்கைப் போட்டு வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டவேண்டும். யார் கேட்டாலும் அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லவேண்டும். சொறி என்ற வார்த்தை எவன் வாயிலும் வரக்கூடாது. எல்லாரும் கோவில் இருக்கிற திசையைப் பார்த்துச் சத்தியம் பண்ணினார்கள்.

எங்கள் ஊரில் மனுஷனுக்கு அரிப்பு வந்தாலும் புற்றுமண்தான், மாட்டுக்கும் அதுதான். குதிரைக்குப் பூசுவதில் எங்களுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. மதினியும் நானும் மண்ணைக் குழைத்துக் கொடுத்தோம், அண்ணன் பூசினான். வெள்ளைக் குதிரை செம்மண் குதிரையாகிவிட்டது. குளத்துக்கரைக்கு அந்தப் பக்கம் பனங்காட்டுக்குள் ஒரு மரத்தில் கட்டிப்போட்டான். கொள்ளுப் பையைப் பக்கத்து மரத்தில் தொங்கவிட்டான். காலையிலும் சாயங்காலமும் போய்த் தீனி வைத்துவிட்டு வருவான். நாள் ஆக ஆகச் சொறி ஆறிக்கொண்டு வந்தது. தபசுக்குள் வண்டியில் பூட்டிவிடலாம் என்று சந்தோஷமாக இருந்தான்.

அப்போதுதான் அந்தக் கொலை நடந்தது.

வெட்டுப்பட்டவர் பஞ்சாயத்து யூனியன் அளவில் பெரிய கட்சிக்காரர். விளக்கு வைக்கிற நேரம், பஜாரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஒருவன் பின்னால் வந்து அரிவாளால் வெட்டிவிட்டுச் சந்துக்குள் புகுந்து தண்டவாளத்துப் பக்கம் ஓடிவிட்டான். துரத்தினவர்கள் தண்டவாளத்தோடு நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் இருட்டு, அவன் கையில் அரிவாள். கொஞ்ச நேரத்தில் கடைகளெல்லாம் அடைத்தாயிற்று. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. அண்ணன் மட்டும் வீட்டில் இல்லை. குதிரைக்குத் தீனி வைக்கப் போயிருந்தான். மதினி கதவுக்குப் பின்னால் நின்றபடியே இருந்தாள். அவன் குளத்துப்பக்கமாக வந்து சேர்ந்தபோது காலெல்லாம் சேறு. ஊரில் என்ன நடந்தது என்பதே அவனுக்கு எங்கள் வாயால் கேட்டுத்தான் தெரியும். அந்த நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அவன் வந்ததை யாராவது பார்த்திருப்பார்களோ என்று மதினி கேட்டாள். பார்த்தால் என்ன என்று அண்ணன் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் டூட்டிக்குப் போனால் போர்டில் அத்தனை விளக்கும் எரிகிறது. ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தது. முதலில் எல்லாம் யார், ஏன் என்றுதான் பேச்சு. ஒருவர் பழைய பகை என்றார், ஒருவர் சொந்தக் கட்சிக்காரனே என்றார். காபிக்கு எழுந்து போய்விட்டு வந்து உட்கார்ந்தபோது பேச்சு மாறிப்போயிருந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரை கட்டிக் கிடக்கிறதாம். வண்டி இல்லாத குதிரையாம். முதுகில் சேணம் கட்டித் தயாராக நிற்கிறதாம்.

சேணம் என்று அவர்கள் சொன்னது எங்கள் வீட்டுச் சாக்கு. அண்ணன் முதல் நாள்தான் நனைத்துக் கட்டினான்.

அதற்கப்புறம் அந்தக் கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்ததை நான் ஒவ்வொரு வயராகக் கேட்டேன். பருத்தி வியாபாரி ஒருவர் ராஜபாளையத்தில் இருக்கும் மச்சானிடம் வழி சொன்னார். வெட்டியவன் தண்டவாளத்தைத் தாண்டிக் குளத்துக்கரையில் ஏறிக் குதிரையைப் பிடிப்பதாக ஏற்பாடு. ரோட்டில் போனால் போலீஸ் மறிக்கும், பஸ்ஸில் போனால் கண்டக்டருக்கு முகம் தெரியும், ஜீப் கரிசலுக்குள் இறங்காது. குதிரை என்றால் காட்டுவழியாகவே ராயகிரி போய், சிவகிரி ஊருக்குள் நுழையாமல் மலையேறிவிடலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே போய்விட்டால் யார் பிடிப்பது? மச்சான் அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டார். அடுத்து ஒரு ரைஸ்மில்காரர், அந்த வழியெல்லாம் சும்மா, கண்ணைக் கட்டுவதற்கு மேற்கே ஒரு குதிரை, நிஜமான வழி கிழக்கே பனவடலிசத்திரம், அங்கே இன்னொரு குதிரை மாற்றுவதாக இருந்தது என்றார். ஒரு அம்மாள், சத்தம் கேட்டதாம், குளம்புச் சத்தம், தன் காதால் கேட்டாளாம். ஜட்கா வண்டி ஓடுகிற ஊரில் குளம்புச் சத்தம் கேட்காமல் கப்பல் சத்தமா கேட்கும் என்று எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. ஆபரேட்டர் கத்தக்கூடாது.

சரி, இத்தனை ஏற்பாடு செய்தவன் ஏன் அந்தக் குதிரையில் ஏறவில்லை? அது கட்டின இடத்திலேயே நிற்கிறதே? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். துரத்தின ஆட்கள் குறுக்கே வந்துவிட்டதால் அவனால் குதிரைகிட்டப் போகமுடியவில்லையாம். இப்போது எங்கேயோ பதுங்கி இருக்கிறானாம். இருட்டினதும் குதிரையைத் தேடி வருவானாம். ஏறாத குதிரைக்கு இவர்கள் ஒரு வழி, ஒரு மலை, ஒரு நேரம் எல்லாம் குறித்துவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் மண் விஷயம் வந்தது. யாரோ போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்து, மண்ணுக்கு அடியில் வெள்ளை முடி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நிறத்தை மாற்றியிருக்கிறான் பாருங்கள், எப்பேர்ப்பட்ட மூளை என்று ஒருவர் சிலாகித்தார். ஊரில் வெள்ளைக் குதிரை யாரிடம் இருக்கிறது என்று அடுத்தவர் கேட்டார். அதைக் கேட்டதும் வயரைத் தப்பான ஓட்டையில் செருகி மெஸ் முதலாளியிடம் வசவு வாங்கினேன்.

அதைவிடக் கொடுமை உள்ளூர் நிருபரின் பிரஸ் கால். அவர் பேப்பர் ஆபீசுக்குச் செய்தி சொல்ல மதுரைக்கு லைன் கேட்டார். லைன் ஒரே இரைச்சல். அந்தப் பக்கத்தில் எழுதுகிறவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படி ஆனால் நடுவில் இருக்கிற ஆபரேட்டர் வாங்கித் திருப்பிச் சொல்லுவது வழக்கம். நிருபர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். "கொலையாளி தப்புவதற்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த குதிரை." சொன்னேன். "அடையாளம் தெரியாமல் இருக்க மண் பூசப்பட்டிருந்தது." அதையும் சொன்னேன். "குதிரையின் சொந்தக்காரரான வண்டிக்காரரைப் போலீசார் பிடித்து விசாரிக்கின்றனர்." அண்ணனைப் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி எனக்கு அப்படித்தான் கிடைத்தது. மதுரைக்காரர் கடைசி வரி கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். இன்னொரு தடவையும் என் வாயாலேயே சொன்னேன்.

எழுந்து ஓடிவிடலாம் என்றால் மாற்று ஆள் இல்லை. சூப்பர்வைசரிடம் தலைவலி என்றேன். ஊரே தீப்பிடித்து எரிகிறது, இன்றைக்கா தலைவலி என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு விளக்கு எரியும்போதும் அது போலீஸ் ஸ்டேஷன் விளக்கா என்று பார்த்தேன்.

மத்தியானம் அது எரிந்தது. கொலைக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிக்கு, தன் மேலதிகாரிக்கு அவசர லைன் கேட்டார். போட்டேன். லைன் நிற்கிறதா என்று பார்க்கக் காது கொடுத்தேன். கொடுத்த காதை எடுக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரைக்காரன் நேர்த்திக்கடன் என்கிறானாம். வேறு எந்த வண்டிக்காரனுக்கும் அப்படி ஒரு நேர்த்திக்கடன் தெரியவில்லையாம். கொலை நடந்த நேரத்தில் இவன் குளத்துப்பக்கம் போய்விட்டுச் சேற்றுக்காலோடு வந்ததைப் பார்த்த ஆள் இருக்கிறதாம். "பொய் சொல்றான்னு மூஞ்சிலேயே தெரியுது சார். பொழுது சாயறதுக்குள்ள அங்க கூட்டிட்டு வந்துடறேன். அங்க வச்சுக் கேட்டா எல்லாத்தையும் கக்கிடுவான்."

அங்கே வைத்துக் கேட்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒருவரை ஒரு திருட்டு வழக்கில் அப்படிக் கொண்டுபோய், பிறகு ஆள் அவரில்லை என்று அனுப்பிவைத்தார்கள். அதற்கப்புறம் அவரால் சம்மணம் போட்டு உட்கார முடிந்ததில்லை. என் அண்ணன் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சத்தியம் பண்ணின பொய். அடித்தால் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுவான், அவன் சுபாவம் அது. மற்ற வண்டிக்காரர்களோ கொலைக்கேஸ் என்றதும் பயந்து நேர்த்திக்கடனே தெரியாது என்றுவிட்டார்கள், இனி வாயைத் திறக்கமாட்டார்கள். போர்டில் என் குரல் இரண்டு பக்கமும் கேட்கிற சாவியைத் தள்ளினேன்.

"சார், அந்தக் குதிரைக்குச் சொறி."

மேலதிகாரி, யாரும்மா அது என்று கேட்டார்.

"எக்ஸ்சேஞ்ச் சார். அது எங்க அண்ணன் குதிரை. சொறிக்குத்தான் மண்ணு பூசிருக்கு. வேற ஒண்ணும் இல்ல சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலை. சாந்தமான குரலில் இன்ஸ்பெக்டரிடம் மாட்டு டாக்டரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். அதே குரலில், இந்தப் பெண்ணையும் அழைத்து விசாரியுங்கள், இவள் எத்தனை நாளாக நம் லைனைக் கேட்கிறாள், யாரிடம் சொல்கிறாள் என்று பாருங்கள் என்றார். நான்தான் அந்த லைனையும் பிரித்துவிட்டேன்.

சூப்பர்வைசர் என் தலையிலிருந்து ஹெட்போனைத் தானே கழற்றினார். போலீஸ்காரர் ஒருவர் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பஜார் வழியாக அவர் பின்னால் வர நான் முன்னால் நடந்தேன். மூடின கடைகளின் பலகை இடுக்கு வழியாக ஆட்கள் பார்த்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் என் முதுகு கூசுகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் அண்ணன் சட்டை இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "நீ எதுக்குட்டி இங்கன வந்தே?" என்றான். இன்ஸ்பெக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணன் நேர்த்திக்கடன்ங்கிறான். தங்கச்சி சொறிங்கிறா. ரெண்டுல ஒண்ணு பொய். எதும்மா பொய்?"

நான் சொன்னதுதான் நிஜம் என்றேன். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கி ஆமாம் என்று சொன்னால் ஸ்டாண்டில் அத்தனை பேர் பிழைப்பும் போகும். சொல்லாவிட்டால் அவன் போவான். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, நேர்த்திக்கடன்தான் சார், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நானே அடித்திருப்பேன்.

குதிரையைக் கொண்டுவந்து காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்ததும் மண்ணைக் கழுவச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் வாளி வாளியாக ஊற்றினார். மண் கரைந்து ஓட ஓட வெள்ளை வெளியே வந்தது. கேட்டுக்கு வெளியே கூடியிருந்தவர்கள் பக்கமிருந்து ஒரு முனகல் எழுந்தது. நிறத்தை மாற்றியிருக்கிறான் என்ற பேச்சு அவர்கள் கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டது. குதிரை ஒன்றும் தெரியாமல் தலையை உதறிப் பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் தண்ணீர் தெளித்தது.

டாக்டர் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கழுத்து, விலா, வால்பக்கம் எல்லாம் பார்த்தார். நானும் கூடவே பார்த்தேன். ஒன்றுமில்லை. வழவழவென்று புது முடி. புற்றுமண் நன்றாகவே வேலை செய்திருந்தது. எங்கள் அம்மன்மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இன்னும் பத்து நாள் ஆறாமல் வைத்திருக்கக் கூடாதா? டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, சொறி இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், இப்போது தெரியவில்லை என்றார். நல்ல மனுஷர்தான், தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னார். ஆனால் இன்றைக்கும் என்னால் அவரை மன்னிக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுக்கச் சொன்னார். எழுந்திரு என்றார் அண்ணனிடம். அவனால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை, சுவரைப் பிடித்தான்.

அப்போது கேட்டுப் பக்கம் கூட்டம் விலகியது. ஸ்டாண்டுப் பெரியவர் உள்ளே வந்தார், கையில் அவருடைய செவலைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு. அதன் உடம்பு பூராவும் மண். முதுகில் ஈரச்சாக்கு, வயிற்றைச் சுற்றிக் கயிறு. தன் வீட்டுக் கொல்லையில் ஓலைத் தட்டி கட்டி மறைத்து வைத்திருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் வெளியே கட்டு என்று சொன்ன மனுஷனுக்கு, தன் குதிரையை மட்டும் அப்படிக் கட்ட மனசு வரவில்லை.

"இதைப் பாருங்க சார்," என்றார். "இதுக்கு இன்னும் ஆறல. இதுட்ட இருந்துதான் அவன் குதிரைக்கு ஒட்டுச்சு. நேர்த்திக்கடன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

டாக்டர் சாக்கைத் தூக்கினார். பார்த்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணன் அப்போதுதான் அழுதான். பெரியவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கும் அண்ணனுக்கும் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சவாரிக்குச் சண்டை வராத நாள் கிடையாது. குதிரையைப் பிடித்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். ஸ்டாண்டில் எத்தனை குதிரைக்கு இருக்கிறது என்று கேட்டபோது மட்டும் குதிரையின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். பிறகு அதையும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் திரும்ப ஒரு தடவை திருநெல்வேலிக்குப் பேசினார். யார் லைன் போட்டார்களோ தெரியாது. பொழுது சாய்வதற்குள் எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார், ஊரை விட்டு எங்கேயும் போகக்கூடாது என்று சொல்லி. எங்கள் தெரு முனை வந்ததும் அண்ணன், லைனில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று மதினியிடம் அவ்வளவு கறார் பண்ணுவாயே என்றான். திட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

தப்பித்தோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறுநாள் கூட வேலை செய்கிற பெண் வந்து, நிருபர் புதுச் செய்தி கொடுத்திருக்கிறார் என்றாள். "இரண்டாவது குதிரையும் சிக்கியது." அதுதான் செய்தி. இரண்டாவது குதிரை கிடைத்தபிறகு ரைஸ்மில்காரரின் பனவடலிசத்திரம் வழிக்கு ஊரில் பெரிய மரியாதை. போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்டுச் சொல்ல எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. எனக்கு ஆபீசில் மெமோ கொடுத்தார்கள். ஸ்டாண்டின் லைசென்ஸை நிறுத்தினார்கள். அந்த வருஷத் தபசுக்கு வந்த ஜனங்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்தே கோவிலுக்குப் போனார்கள். மற்ற வண்டிக்காரர்கள் எங்களோடு பேச்சை நிறுத்தினார்கள். பெரியவர் மட்டும் வந்து வாசலில் நின்று அண்ணனிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டுவிட்டுப் போவார்.

அதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் பட்டப்பகலில் இறந்துபோனவருடைய ஆட்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை. குதிரையைப் பார்க்கவேண்டும் என்றார்கள். அண்ணன் கொட்டகையைக் காட்டினான். அதில் வெள்ளை வேட்டி கட்டின ஒருவர், இறந்தவருக்குத் தம்பி முறை என்று பிறகு சொன்னார்கள், குதிரை முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு ஆள் பாரத்தைத் தாங்குமா என்று பார்க்கிற மாதிரி. குதிரை அசையாமல் நின்றது. அவர் கையைத் தட்டிக்கொண்டார். வந்தவர்கள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் ஆனால் மதினி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அண்ணன் வெளியே போனால் திரும்பி வருகிறவரை ஒருவரும் சாப்பிட மாட்டோம். யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். தெருவில் எங்களோடு முகம் கொடுத்துப் பேசினது எதிர்வீட்டுப் பலசரக்குக்கடை அண்ணாச்சி ஒருவர்தான். எதற்கும் பயப்படாதீர்கள், நான் இருக்கிறேன் என்று மதினியிடம் சொல்லியிருந்தார். கடையிலும் எங்களைப் பார்த்து முகம் சுளித்ததில்லை.

வெட்டினவனை ரொம்ப நாள் கழித்துத்தான் பிடித்தார்கள். எங்கேயோ வடக்கே ஒரு மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தானாம். அவன் சொன்னது முழுவதும் பேப்பரில் வந்தது. குதிரை என்ற வார்த்தையே அதில் இல்லை. தண்டவாளத்தைத் தாண்டினவன் அரிவாளை ஒரு கிணற்றில் போட்டிருக்கிறான். சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஜனங்கள் பயந்து ஓடுகிற கூட்டத்தோடு கூட்டமாக பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருக்கிறான். கடைசியாகப் புறப்பட்ட பஸ்ஸில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்து போயிருக்கிறான். அவ்வளவுதான் அவனுடைய வழி.

நான் வாசித்துக் காட்டியதும் அண்ணன் எழுந்து நின்றான். அவன் முகம் அப்படி மலர்ந்து அந்த வருஷத்தில் நான் பார்க்கவில்லை. "ஏட்டி, வாசல்ல வந்து நின்னு சத்தமா வாசி. தெரு பூராவும் கேக்கட்டும்," என்றான்.

மதினி வேண்டாம் என்றாள். அவன் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் வாசலுக்கு வந்தோம். எனக்குத்தான் தெளிவாகப் பேசிப் பழக்கமாயிற்றே, தலைப்பிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். இரண்டு மூன்று வீட்டில் ஜன்னலைத் திறந்து கேட்டார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலுக்கே வந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்று கடைசி வரை கேட்டார். பஸ் டிக்கெட் வருகிற இடத்தை அண்ணன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான், வாசித்தேன். அண்ணாச்சி மெதுவாகத் தலையை ஆட்டினார். அவர் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அவன் பஸ்லதான் போயிருக்காம்னா, அப்போ அந்தக் குதிரை யாருக்காக நின்னுச்சு, தம்பி?"

கேட்டுவிட்டு என் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.